மண்வெட்டியோடு ஓடுகிறவர்கள்

ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில்
அஞ்சு மணிக்கு ஒன்பது பேர்.
கூட்டுறவு வங்கி நாகபூஷணம்,
கோழிக்கடை இம்தியாஸ்,
டியூஷன் எடுக்கும் ஜெபசீலி,
இருட்டில் யார் யாரென்று
தங்களுக்கே தெரியாத பாலிடெக்னிக் இரட்டையர்,
இன்னும் மூன்று கொட்டாவிகள்.
நான் அரசு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள்.
இவர்கள் முகத்தைவிடச் சர்க்கரை அளவு
எனக்கு நன்றாக ஞாபகமிருக்கும்.
அதனால்தான் ஓடச் சொன்னேன்.
சொன்ன பாவத்துக்கு நானும் ஓடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வெறும் ஓட்டம் கிடையாது.
போய்ச் சேருகிற இடத்தில் ஒரு வேலை காத்திருக்கும்.
போன வாரம் அங்கன்வாடித் தண்ணீர்த் தொட்டி.
அதற்கு முந்தி, மாட்டு ஆஸ்பத்திரி பின்னால் பார்த்தீனியம்.
பிடுங்கிவிட்டு இரண்டு நாள் தும்மினோம்.
இன்று,
பிச்சாட்டூர் மதகு திறந்த ராத்திரி
ஆரணியாறு நுழைந்து பார்த்துவிட்டுப் போன ஒரு வீடு.
எல்லைக்கு அந்தப் பக்கம்,
நாலரைக் கிலோமீட்டர்.

இருப்பது இரண்டே மண்வெட்டி.
முறை வைத்துத் தூக்கி ஓடுகிறோம்.
தோளில் வைத்தால் கழுத்தை இடிக்கிறது.
கையில் பிடித்தால்
ஊரே அந்தப் பக்கமாய்ச் சாய்கிறது.

சாவடிப் போலீஸ்காரர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார்.
"யாரைப் புதைக்கப் போறீங்க?"
"சேறு சார், சேறு,"
அதற்குமேல் நாகபூஷணத்திடம் காற்று இல்லை.
தடுப்புக் கம்பி உயரவில்லை.
குனிந்து போனோம்.
பலகையில் எழுத்து மாறியது.
ரோட்டுப் பள்ளம் அதேதான்.

சுப்பராமய்யா, தையல்காரர்.
தையல் மெஷினை வாசலில் மல்லாத்தி
அதன் வயிற்றிலிருந்து ஆற்றை வழித்துக்கொண்டிருந்தார்.
எங்களை எண்ணினார். ஒன்பது.
"எந்த?"
எவ்வளவு என்று கேட்கிறார்.
காசு வேண்டாம் என்றோம்.
"ஊரிக்கே அயித்தே சரிகா செய்யரு."
சும்மா செய்கிறவன் ஒழுங்காகச் செய்யமாட்டான்.
மறுக்க யாரிடமும் மூச்சில்லை.
இம்தியாஸ் மட்டும்
தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

வெள்ளம் எட்டாத ஒரே குடம் பரண்மேல்.
ஏணி சாத்தி அவரே இறக்கினார்.
ஒரே டம்ளர்.
ஒன்பது பேருக்கும் அவரே ஊற்றினார்,
ஒரு சொட்டும் சிந்தாமல்,
துணி அளக்கிற கண்ணோடு.

பிறகு சேறு.
அள்ளினால் சேறு, அதன் கீழே இன்னும் சேறு,
நடுவே பொத்தான்கள்,
பாதி தைத்த பள்ளிச் சீருடை,
வலது கை மட்டும் உள்ள ஒரு ரவிக்கை.
"அக்கட வத்து! அது ராகவம்மா இடம்!"
திண்டாடித் திரும்பி இந்தப் பக்கம் கொட்டினோம்.
இரண்டு மண்வெட்டி போக
மற்றவர்களுக்கு அலுமினியச் சட்டி, கையகலத் தகரம்.

என் கைக்கடிகாரம் ஒரு தடவை நடுங்கியது.
ஓட்டத்தை நிறுத்திவிட்டீர்களா?
ஆம், இல்லை, இரண்டே பதில்.
விரலெல்லாம் களிமண்.
எதையும் அமுக்க முடியவில்லை.

தரை தெரிந்தபோது வெயில் வந்துவிட்டது.
சிவப்புச் சிமெண்டு.
அவரே மறந்திருந்ததுபோல் அதைப் பார்த்தார்.
கிளம்பும்போது கேட்டார்,
"பஸ் உந்தி கதா. ஏன் ஓடி வந்தீங்க?"
ஜெபசீலி ஏதோ சொல்ல வந்து
ஷூவைத் தட்டினாள்.

திரும்புகிற வழியில்,
கால் ஒவ்வொன்றும் ஒரு கிலோ கூடி,
பேச்சில்லாமல் ஓடும்போது தோன்றியது:
பஸ்ஸில் வந்திருந்தால்
உதவி செய்ய வந்தவர்களாய் இறங்கியிருப்போம்.
ஓடி வந்தவர்களுக்கு
முதலில் தண்ணீர் கேட்கவேண்டியிருந்தது.
சரியாகத்தான் தோன்றியதா,
நாக்கு வறண்டதால் தோன்றியதா, தெரியவில்லை.

சாவடியில் போலீஸ்காரர்,
"புதைச்சாச்சா?"
"வீட்டைத் தோண்டி எடுத்தாச்சு."
இரட்டையரில் யாரோ ஒருவன்.
இந்தத் தடவை கம்பி உயர்ந்தது.
நாங்கள் பழக்கத்தில் குனிந்தே போனோம்.

ஒன்பது மணிக்கு லேப்.
கையுறை மாட்டும்போது பார்த்தேன்,
நகக்கண்ணில் கறுப்பாய் ஆற்று மண்.
வரிசையில் முதல் ஆள் விரலை நீட்டிவிட்டார்.
கொஞ்சம் இருங்க என்று
மறுபடி கழுவப் போனேன்.